ரங்கநாதன் தெருவில் கார் எங்கே நிற்கிறது?

"வண்டி நிறுத்த இடம் இல்லையென்றால் வியாபாரம் படுத்துவிடும்." சென்னையில் எந்தக் கடைத்தெருவில் நடைபாதையை ஓரடி அகலமாக்கப் போனாலும் முதலில் எழும் குரல் இதுதான். கடைக்காரர் சொல்கிறார், வட்டாரப் பிரமுகர் சொல்கிறார், கூட்டத்துக்கு வந்த பொறியாளர் தலையாட்டுகிறார். ஆதாரம் என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை. காசு உள்ளவர் கார் வைத்திருக்கிறார். கார் உள்ளவர் காரில் வருகிறார். நிறுத்த இடமில்லையென்றால் வேறு கடைக்குப் போய்விடுகிறார். இந்தக் கடை மூடப்படுகிறது. கேட்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

இதை வேறெங்கே சொன்னாலும் பரவாயில்லை. தியாகராய நகரில் நின்றுகொண்டு சொல்வதற்கு நிறையத் துணிச்சல் வேண்டும். மாம்பலம் ரயில் நிலையத்தின் வாசலில் தொடங்கி உஸ்மான் சாலையில் போய் முடியும் ரங்கநாதன் தெரு அங்கேதான் இருக்கிறது. பாத்திரம், துணி, பிளாஸ்டிக், வளையல், பெட்டி, பூஜைச் சாமான் என்று ஒரு குடும்பத்துக்கு வேண்டிய எல்லாம் விற்கும் அந்தத் தெருவில், தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலையில் சைக்கிளைக்கூடத் தள்ளிக்கொண்டு போக முடியாது. கார் நிறுத்த அங்கே ஒரு சாண் இடம் கிடையாது. வியாபாரத்தைப் பற்றிய அந்தப் பொதுக் கருத்து உண்மையானால் ரங்கநாதன் தெரு சென்னையிலேயே நொடித்துப்போன தெருவாக இருக்க வேண்டும். நடந்தது என்ன? அந்தத் தெருவில் சிறிதாகத் தொடங்கிய பாத்திரக்கடையும் துணிக்கடையும் மாடி மேல் மாடி எழுப்பி, புரசைவாக்கத்துக்கும் பாடிக்கும் கிளை விட்டன. அங்கே ஒரு சிறு கடை காலியானால் அதைப் பிடிக்க எத்தனை பேர் அலைவார்கள் என்பது கடைத்தெருக்காரர்களுக்குத் தெரியும்.

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும். "அது மலிவு விலைக் கூட்டம். பட்டும் நகையும் வாங்குகிறவர்கள் அப்படியா வருவார்கள்?" வருகிறார்கள். கல்யாணப் பட்டு எடுக்க வரும் கூட்டத்தைக் கவனித்துப் பாருங்கள். பெண், பெண்ணின் அம்மா, அத்தை, சித்தி, மாப்பிள்ளை வீட்டார், புடவையைத் தொட்டுப் பார்த்தே குறை சொல்லக்கூடிய ஒரு பாட்டி. பத்துப் பன்னிரண்டு பேரை எந்தக் காரில் அடைப்பது? செங்கல்பட்டிலிருந்து மின்ரயிலில் வருகிறார்கள். திண்டிவனத்திலிருந்து வேன் பிடித்து வருகிறார்கள். வேன் அவர்களை இறக்கிவிட்டு எங்கோ போய் நிற்கிறது. கடை வாசலில் நிற்பதில்லை. நாலைந்து கடை ஏறி இறங்கி, மதியம் சாப்பிட்டு, ரவிக்கைத் துணி, வளையல், பாத்திரம் என்று முடித்துக்கொண்டு சாயங்காலம் திரும்புகிறார்கள். அந்த ஒரு நாளில் அவர்கள் செலவழிப்பது முழுவதும் நடந்து செலவழிப்பது. காருக்குள் உட்கார்ந்தபடி யாரும் புடவை எடுப்பதில்லை.

தி.நகரின் வரலாறும் இதையே சொல்கிறது. நெடிய ஏரி ஒன்றைத் தூர்த்து 1920களில் அமைந்த குடியிருப்பு அது. பனகல் பூங்காவை நடுவில் வைத்துச் சாலைகளை இழுத்தார்கள். வீடுகளுக்காக, பெரிய வணிகத்துக்காக அல்ல. நல்லி சின்னசாமி செட்டியார் அங்கே பட்டு விற்கத் தொடங்கியது 1928இல். கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். மாம்பலம் நிலையத்தில் இறங்கியவர்களை நம்பித்தான் அந்தக் கடைத்தெரு வளர்ந்தது. நகரத்தில் கார்கள் பெருகியதெல்லாம் வெகு காலம் கழித்து. அப்போது ஏற்கெனவே கொழித்திருந்த கடைத்தெருவுக்குத்தான் கார்கள் வந்து சேர்ந்தன. பிறகு வந்தவர்தான் முதலில் வந்தவரைப் பார்த்து "நான் இல்லாவிட்டால் உனக்குப் பிழைப்பு ஏது" என்று கேட்கிறார்.

கடைக்காரர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் நம்புவதைச் சொல்கிறார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் குளோஸ்டர் சாலை என்றொரு கடைத்தெரு உண்டு. 2006இல் அங்கே கடைக்காரர்களிடம் உங்கள் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் காரில் வருகிறார்கள் என்று கேட்டார்கள். நூற்றுக்கு 41 பேர் என்றார்கள். வாடிக்கையாளர்களையே கேட்டபோது 22 பேர். நடந்து வருபவர்கள் 42 என்பது கடைக்காரர்களின் மதிப்பு, உண்மையில் 55. ஏறக்குறைய இரண்டு மடங்கு பிழை, அதுவும் தினமும் அந்த வாடிக்கையாளர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களின் பிழை.

இந்தப் பிழை எப்படி நேர்கிறது என்பதை ஊகிப்பது கடினமல்ல. காரில் வந்தவர் கடைக்குள் நுழையும்போதே "என்ன சார், பார்க்கிங்குக்கு அரைமணி நேரம் சுத்த வேண்டியிருக்கு" என்று சலித்துக்கொண்டு நுழைகிறார். 12பி பேருந்திலிருந்து இறங்கி வந்தவர் பேருந்தைப் பற்றிக் கடைக்காரரிடம் புகார் சொல்வதில்லை. சொன்னால் அது கடைக்காரரின் காதில் ஏறுவதுமில்லை. இன்னொரு காரணமும் இருக்கிறது, சங்கக் கூட்டங்களில் யாரும் பேசாத காரணம். முதலாளி காரில் வருகிறார். காலையில் கடை திறக்கும்போது வாசலில் நிறுத்துகிற வண்டியை இரவு கடை பூட்டும்போதுதான் எடுக்கிறார். ஊழியர்களின் இருசக்கர வண்டிகள் அதன் பக்கத்தில் வரிசை கட்டுகின்றன. வாடிக்கையாளருக்கு இடமில்லை என்று சொல்லப்படும் அந்த இடத்தை முதல் ஆளாக அடைத்துக்கொள்பவர்கள் யார் என்பதைக் காலை பத்து மணிக்கு ஒரு நடை நடந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது கணக்கு. நம்முடைய சாலைகளை அளக்கும் முறையிலேயே ஒரு சாய்வு இருக்கிறது. இந்தியச் சாலைக் குழுமத்தின் வழிகாட்டி நெறிகளில் எல்லா வண்டியும் காராக மாற்றப்பட்டே எண்ணப்படுகிறது. கார் என்றால் 1. நகரச் சாலைகளுக்கான 1990ஆம் ஆண்டு நெறியின்படி இருசக்கர வண்டி அரை முதல் முக்கால் கார். பேருந்து, போக்குவரத்தில் அதன் பங்கைப் பொறுத்து, 2.2 முதல் 3.7 கார் வரை. அறுபது பேரைச் சுமந்து வரும் பேருந்தும், ஓட்டுநரைத் தவிர ஆளில்லாமல் வரும் மூன்று கார்களும் இந்தக் கணக்கில் ஏறக்குறைய ஒன்று. நடந்து வருபவர் எத்தனை கார்? அவருக்கு எண்ணே கிடையாது. மாம்பலம் நிலையத்திலிருந்து ஒரு லட்சம் பேர் வெளியே வந்தாலும் இந்த அட்டவணையில் ஒரு துளி ஏறாது. சாலையைக் கடக்க அவர்கள் எடுத்துக்கொள்ளும் நேரம் மட்டும் கார்களின் தாமதமாகப் பதிவாகும். பிறகு இந்தக் கணக்கையே நீட்டி, "இந்தச் சாலைக்குக் கொள்ளளவு போதவில்லை" என்பார்கள்.

ஆட்களை எண்ணினால் படம் மாறுகிறது. சென்னைப் பெருநகர் முழுவதற்கும் 2008 வாக்கில் எடுத்த பயணக் கணக்கெடுப்பில் கார், டாக்ஸி இரண்டும் சேர்ந்து மொத்தப் பயணங்களில் நூற்றுக்கு ஆறு அளவில்தான் இருந்தன. நடையும் பேருந்தும் ஒவ்வொன்றும் கால் பங்குக்கு மேல். அதன் பிறகு கார்கள் பெருகியிருக்கின்றன, மறுக்கவில்லை. இரண்டு மடங்கே ஆனாலும் அது எட்டில் ஒரு பங்கைத் தொடாது. அந்தச் சிறு பங்குக்குச் சாலையின் அகலத்தில் எவ்வளவு கொடுத்திருக்கிறோம் என்பதுதான் கேள்வி.

கொடுத்ததற்கு என்ன வாங்குகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் வேண்டும். சதுர அடிக் கணக்கில் 135. மாநகராட்சி ஸ்மார்ட் பார்க்கிங் கொண்டுவந்தபோது காருக்குப் பொதுவாக வைத்த கட்டணம் மணிக்கு 20 ரூபாய். நாளெல்லாம், பத்து மணி நேரமும், மாதம் முப்பது நாளும் ஒரு நிமிடம்கூடக் காலியில்லாமல் கார் நின்றால் மாதம் 6,000 ரூபாய். தி.நகரில் தெருவைப் பார்த்த 135 சதுர அடி மாதம் 6,000 ரூபாய்க்கு வாடகைக்கு வருகிறது என்று தரகரிடம் சொல்லிப் பாருங்கள். தி.நகரில் பாண்டி பஜாருக்கு மட்டும் கூடுதல் கட்டணம் வைத்தார்கள், அது நல்லது. சுற்றியுள்ள தெருக்களில் நிற்கும் பெரும்பாலான வண்டிகள் ஒரு பைசா கொடுப்பதில்லை. அதே 135 சதுர அடியில் மூன்று பூக்கடையோ வளையல் கடையோ போட்டு மூன்று குடும்பம் பிழைக்கலாம். அவர்களை ஆக்கிரமிப்பு என்கிறோம். காரை மட்டும் அப்படிச் சொல்வதில்லை.

பாண்டி பஜாருக்கு வருவோம். பனகல் பூங்காவிலிருந்து தணிகாசலம் சாலை வரை ஏறக்குறைய 700 மீட்டருக்கு நடைபாதையை அகலப்படுத்தி, 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் என்று திறந்தார்கள். செலவு ஏறக்குறைய 40 கோடி. வண்டிகளை முழுவதும் நிறுத்தவில்லை, இன்றும் ஓடுகின்றன. நிறுத்த விட்டிருந்த ஓரங்களை எடுத்து நடப்பவர்களுக்குக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அன்று முதல் தி.நகரில் எங்கே வண்டி நின்றாலும் பழி அந்த நடைபாதையின் மேல் விழுகிறது. "நல்லா இருந்த ரோட்டைக் குறுக்கி டிராபிக்கை உண்டாக்கிட்டாங்க."

நன்றாக இருந்த ரோடா? அந்தச் சாலையில் 2019க்கு முன் போனவர்களுக்கு நினைவிருக்கும். ஓரம் முழுக்கக் கார்கள். அவற்றுக்கு வெளியே, உள்ளே இடம் காலியாகும் என்று காத்து நிற்கும் கார்கள். அதற்கும் வெளியே, அம்மாவைக் கடைவாசலில் இறக்குவதற்காக நடுச்சாலையில் நிற்கும் ஒரு கார். மிஞ்சிய இடுக்கில் பேருந்து, ஆட்டோ, பைக், நடைபாதையில் இடமில்லாமல் சாலையில் இறங்கி நடக்கும் மக்கள். அகலம் காகிதத்தில் இருந்தது. ஓட்டம் ஓரிரு வரிசையில்தான் இருந்தது. நடைபாதைக்கு எடுக்கப்பட்டது, ஓடாமல் நின்றுகொண்டிருந்த பாதை. ஓடாத பாதையை எடுத்ததால் ஓட்டம் குறைந்தது என்பது என்ன தர்க்கமோ தெரியவில்லை.

நடைபாதைக்கு ஆன அளவுப் பணத்தில், ஏறக்குறைய 40 கோடியில், அருகிலேயே தானியங்கி அடுக்குக் கார் நிறுத்தம் ஒன்றையும் கட்டினார்கள். 2021இல் திறந்தது. இருநூறு சொச்சம் கார்களும் ஐந்நூறு சொச்சம் இருசக்கர வண்டிகளும் அதில் நிற்கலாம். ஒவ்வொரு கார் இடமும் நாளுக்கு ஐந்து முறை மாறி, காருக்கு மூன்று பேர் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் கார்களால் வருபவர்கள் மூவாயிரத்துச் சொச்சம். நெரிசல் நேரத்தில் ஒரு 12 பெட்டி மின்ரயில் சுமக்கிற கூட்டம் அது. ஒரே அளவுப் பணம், ஒரே தெரு. ஒரு 40 கோடி நடக்கிற எல்லோருக்கும் பயன்பட்டது, காரில் வந்து நிறுத்திவிட்டு நடக்கிறவர்கள் உட்பட. இன்னொரு 40 கோடி நாளைக்கு ஒரு ரயில் கூட்டத்துக்குப் பயன்பட்டது. வீண்செலவு என்ற பேச்சு மட்டும் முதல் 40 கோடியைப் பற்றியே வருகிறது.

பிறகு மேம்பாலம். தெற்கு உஸ்மான் சாலையையும் சி.ஐ.டி. நகரையும் இணைத்து 1.2 கிலோமீட்டர் எஃகு மேம்பாலம் 2025இல் திறக்கப்பட்டது. 160 கோடிக்கு மேல். இனி நெரிசல் தீரும் என்றார்கள். உஸ்மான் சாலையில் முன்பே ஒரு மேம்பாலம் இருந்தது. அது வந்தபோதும் இதையேதான் சொன்னார்கள். அமெரிக்க நகரங்களில் சாலை நீளம் எவ்வளவு கூடுகிறதோ ஏறக்குறைய அதே விகிதத்தில் வண்டி ஓட்டமும் கூடிவிடுகிறது என்று டுராண்டன், டர்னர் என்ற இரு பொருளியலாளர்கள் 2011இல் காட்டினார்கள். இடம் கிடைக்கிறது என்று தெரிந்ததும் முன்பு ரயிலில் வந்தவர் காரை எடுக்கிறார், முன்பு புதன்கிழமை வந்தவர் சனிக்கிழமை வருகிறார். இதன் மறுபக்கமும் உண்டு. சாலையில் இடத்தைக் குறைத்த அறுபதுக்கும் மேற்பட்ட ஊர்களின் அனுபவத்தை பிரிட்டனில் 1998இல் தொகுத்துப் பார்த்தார்கள். அந்தப் பகுதியின் மொத்த வண்டி எண்ணிக்கை ஏறக்குறைய பாதி இடங்களில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. அந்த வண்டிகள் வேறு தெருவுக்குப் போய்ச் சேரவில்லை. அந்தப் பயணங்கள் வேறு வழியில் நடந்தன, அல்லது நடக்கவே இல்லை.

மேம்பாலமே கூடாது என்பவன் அல்ல நான். தி.நகரில் எந்தக் கடைக்கும் வராமல் அதைத் தாண்டிப் போகிற வண்டிகள் மேலே போகட்டும். மேலே போன பிறகு கீழே மிஞ்சிய இடத்தை நடப்பவருக்கும் பேருந்துக்கும் கொடுத்தார்களா என்றுதான் கேட்கிறேன். கொடுக்காவிட்டால் சில ஆண்டுகளில் மேலேயும் நெரிசல், கீழேயும் நெரிசல்.

எதிர்த்தரப்பின் கையில் ஒரு வலுவான சான்று இருக்கிறது. அதை அவர்களே சரியாகப் பயன்படுத்துவதில்லை என்பதால் நானே சொல்கிறேன். அமெரிக்காவில் கலமசூ நகரம் 1959இல் தன் கடைத்தெருவில் கார்களைத் தடுத்தது. அதைப் பார்த்து அடுத்த இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய இருநூறு ஊர்கள் அதையே செய்தன. பெரும்பாலானவை தோற்றன. சிகாகோவின் ஸ்டேட் தெரு 1979இல் கார்களுக்கு மூடப்பட்டு 1996இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஃப்ரெஸ்னோ நகரத்து ஃபுல்டன் மால் 1964இல் மூடப்பட்டு 2017இல் திறக்கப்பட்டது. பார்த்தாயா, கார் போனது, கடையும் போனது என்று இதை வைத்து வாதாடலாம்.

ஆனால் அந்த ஊர்களில் கார்களைத் தடுப்பதற்கு முன்பே மக்கள் நகர நடுவை விட்டுப் போய்விட்டிருந்தார்கள். புறநகரில் தனி வீடு, அதற்கருகே இலவச நிறுத்தத்துடன் பெரிய வணிக வளாகம். கடைத்தெருவைச் சுற்றி நடந்து வரும் தூரத்தில் ஆள் இல்லை; ரயில் இல்லை; இருந்த டிராம்களையும் எடுத்திருந்தார்கள். ஆளில்லாத தெருவில் கற்கள் பதித்தால் ஆள் வந்துவிடுவதில்லை. கோபன்ஹேகனில் ஸ்ட்ரோகெட் தெருவை 1962இல் மூடியபோது அங்கேயும் கடைக்காரர்கள் கொதித்தார்கள். அந்தத் தெரு இன்றும் நடப்பவர்களுடையது, கடைகள் நிறைந்தது. அந்த நகரத்தில் மக்கள் நடுவிலேயே வாழ்ந்தார்கள், ரயிலும் பேருந்தும் சைக்கிளும் இருந்தன. தி.நகர் இந்த இரண்டில் எதைப் போன்றது? ஒருபுறம் மின்ரயில் நிலையம், நடுவில் பேருந்து நிலையம், பனகல் பூங்காவில் வரப்போகும் மெட்ரோ சுரங்க நிலையம், சுற்றி மேற்கு மாம்பலமும் கோடம்பாக்கமும் சைதாப்பேட்டையும். ஃப்ரெஸ்னோவுக்கு இதில் ஒன்றுகூட வாய்க்கவில்லை.

கடைக்காரர்களுக்குக் கார் இல்லாத வாடிக்கையாளரின் மதிப்பு தெரியாது என்றால், மாநகராட்சிக்கு நடைபாதை வியாபாரியின் மதிப்பு தெரியாது. பாண்டி பஜாரின் நடைபாதைக் கடைகளை 2013இல் அடுக்குக் கட்டடம் ஒன்றுக்குள் ஏற்றினார்கள். நடந்து போகிறவர் கண்ணில் பட்டதும் நின்று, விலை கேட்டு, பேரம் பேசி வாங்கும் ரிப்பனுக்கும் செருப்புக்கும் யார் மாடி ஏறுவார்கள்? போணியே ஆகவில்லை என்ற புலம்பல் உடனே எழுந்தது. தரைக்கடை நடைபாதையை அடைக்கிறது என்பது உண்மைதான். அதற்குக் காரணம் நடைபாதை ஒன்றரை மீட்டராக இருந்தது. பெரிய கடைத்தெருக்களில் நடக்க மட்டும் நான்கு மீட்டர் தெளிவான அகலம் வேண்டும் என்று இந்தியச் சாலைக் குழுமத்தின் 2012ஆம் ஆண்டு நெறியே சொல்கிறது. கடை முகப்பில் நின்று பார்ப்பவர்களுக்கு அதற்கு மேல் ஒரு மீட்டர். அந்த அளவு கிடைத்தால் தரைக்கடைக்குக் கோடு போட்டுக் கொடுக்க 2014இல் நாடாளுமன்றம் இயற்றிய தெருவோர வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. நடப்பவரையும் விற்பவரையும் ஒன்றரை மீட்டருக்குள் மோதவிட்டு, மிச்ச அகலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, "பாருங்கள், நடக்கவே விடுவதில்லை இவர்கள்" என்று விற்பவரைக் காட்டுவது பழைய உத்தி.

ஆகாய நடைபாதையும் அந்த உத்தியின் உறவுதான். மாம்பலம் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து 570 மீட்டர் நீளத்தில் 2023 மே மாதம் திறந்தார்கள். ரயிலிலிருந்து பேருந்துக்கு மாறுகிறவருக்கு, மூட்டையோடு மழையில் நனையாமல் போகிறவருக்கு, அது உண்மையான உதவி. மின்தூக்கியும் வைத்திருக்கிறார்கள். ஆனால் கீழே இருக்கும் கூட்டத்துக்கு அது விடை அல்ல. கடை கீழேதான் இருக்கிறது. நடப்பவரை மேலே ஏற்றி, தரையை வண்டிக்கு ஒழித்துக் கொடுப்பதை நடப்பவருக்குச் செய்த சலுகையாகச் சொல்வதுதான் எரிச்சல் மூட்டுகிறது.

வயதானவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் முன்னிறுத்தி ஒரு வாதம் வரும்: அவர்கள் எப்படி நடப்பார்கள், கார் வாசல்வரை வர வேண்டாமா? சென்னையில் முழங்கால் வலியுள்ள முதியவர்களில் பெரும்பாலோருக்குக் காரும் இல்லை, ஓட்டுநரும் இல்லை. அவர்களை வீட்டுக்குள் முடக்கியது உயரமான படியும் உடைந்த மூடியும் குறுக்கே நிற்கும் பைக்கும். இறக்கிவிட்டுப் போக ஒரு வளைவு வேண்டும், அதை நூறு மீட்டருக்கு ஒன்று வைக்கலாம். தீயணைப்பு வண்டியை இழுப்பவர்களும் உண்டு. 2017இல் ஒரு பெரிய துணிக்கடைக் கட்டடம் தி.நகரில் ஒரு நாளுக்கும் மேல் எரிந்தது. அது இருந்தது அகலமான உஸ்மான் சாலையில், மேம்பாலத்தை ஒட்டி. தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தது. கட்டடத்தைச் சுற்றி நுழைய வழியில்லை. அங்கே விதி மீறியது நடைபாதையா?

கடைக்காரர்களின் புகார்களில் இரண்டு எனக்கு நியாயமாகப் படுகின்றன. ஒன்று சரக்கு. லாரி வந்து மூட்டை இறக்க வழியில்லாமல் கடை நடத்த முடியாது. டெல்லியின் சாந்தினி சவுக்கில் 2021 முதல் காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பதுவரை மோட்டார் வண்டிக்குத் தடை; சரக்கு இரவில்தான். அங்கே கடைக்காரர்களுக்கு அதில் சங்கடங்கள் உண்டு, ஆனால் ஏற்றி இறக்க ஒரு நேரம் என்பது தீர்க்கக்கூடிய விஷயம். கார் நிறுத்தத்தை எடுத்த இடத்தில் சரக்கு வண்டிக்குத் தனி இடம் ஒதுக்கினால் இன்றைக்கு இருப்பதைவிட அவர்களுக்கு வசதி கூடும். இரண்டாவது, உள்தெருக்கள். பாண்டி பஜாரில் இடம் இல்லாத வண்டி அடுத்த தெருவில் ஒருவர் வீட்டு வாசலை மறித்து நிற்கிறது. அங்கே குடியிருப்பவர்களின் கோபம் நியாயம். ஆனால் அது நடைபாதைக்கு எதிரான வாதம் ஆகாது. வட்டாரம் முழுவதும் ஒரே கட்டணமும் குடியிருப்பவர்களுக்கு அனுமதிச் சீட்டும் வேண்டும் என்பதற்கான வாதம்.

இருசக்கர வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சொந்த வண்டியில் தி.நகருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பைக்கிலும் ஸ்கூட்டரிலும்தான் வருகிறார்கள். ஒரு கார் இடத்தில் ஐந்தாறு நிற்கும். பார்க்கிங் வேண்டும் என்று கேட்கிற குரல் எல்லாம் இவர்களைக் காட்டித்தான் கேட்கிறது. கட்டுவது என்னவோ காருக்கு. நடைபாதையில் ஏறி ஓட்டுகிறவர்களும் இவர்களே, அதற்கு மட்டும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

பாண்டி பஜாரை ஆதரித்தவர்கள் மேலும் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. கருங்கல் பதித்த தரை, விளக்கு, சிற்பம், குழந்தைகள் விளையாட்டுச் சாமான், செல்ஃபி எடுக்கும் மூலை என்று அதை ஓர் அழகுப் பொருளாகக் காட்டினார்கள். அழகுப் பொருள் என்றதும் அது ஆடம்பரம் ஆகிவிட்டது. ஆடம்பரம் என்றதும் எல்லா ஊர்த் தெருவுக்கும் தேவையில்லாதது ஆகிவிட்டது. நடப்பது உல்லாசம் இல்லை. மாம்பலத்தில் இறங்கி வேலைக்குப் போகும் விற்பனைப் பெண்ணுக்கு அது தினப்படிப் பயணம். நாடு முழுவதும் 2022இல் சாலையில் செத்த பாதசாரிகள் 32,000க்கும் மேல். சென்னை மாநகராட்சி 2014இல் ஒரு கொள்கையை ஏற்றது: போக்குவரத்துக்கான தன் பணத்தில் 60 விழுக்காட்டையாவது நடப்பவர்க்கும் சைக்கிளுக்கும் செலவிடுவது. இந்தியாவில் இப்படி எழுதி வைத்த முதல் நகரம் நம்முடையது. எழுதியதைச் செய்திருந்தால் பாண்டி பஜார் ஓர் அதிசயமாக இருந்திருக்காது, நூறு தெருக்களில் ஒன்றாக இருந்திருக்கும். பழியும் அதன் தலையில் மட்டும் விழுந்திருக்காது.

பனகல் பூங்கா சுரங்க நிலையம் திறந்ததும் தரைக்கு மேலே வரப்போகிற கூட்டம் முழுவதும் நடந்து வரும் கூட்டம். நிலையத்தின் வாசல்களிலிருந்து உஸ்மான் சாலை, தியாகராயர் சாலை, வெங்கட்நாராயணா சாலை என்று எல்லாப் பக்கமும் அகலமான நடைபாதை போட இப்போதே கோடு கிழிக்க வேண்டும். திறந்த பிறகு பார்க்கலாம் என்றால் வாசலைச் சுற்றி ஆட்டோவும் காரும் முதலில் இடம் பிடித்துவிடும், பிறகு எடுக்க முடியாது.

வியாபாரிகள் இதை எதிர்ப்பார்கள். எதிர்க்கட்டும், ஆனால் கணக்கோடு எதிர்க்கட்டும். தி.நகரில் எந்தப் பெரிய கடையிலும் பில் போடும்போது செல்பேசி எண் கேட்கிறார்கள். ஊர் கேட்கிறார்கள், பிறந்த நாள்கூடக் கேட்கிறார்கள். அதோடு ஒரு கேள்வி கூடுதலாக: இன்றைக்கு எதில் வந்தீர்கள்? ஓர் ஆடித் தள்ளுபடி மாதம் முழுக்க, பாத்திரக்கடையிலும் பட்டுக்கடையிலும் நகைக்கடையிலும், பில் தொகையோடு சேர்த்துக் குறித்து வைக்கட்டும். அந்தப் பட்டியலை மாநகராட்சிக் கூட்டத்துக்கு எடுத்து வந்து மேசையில் போடட்டும். அதுவரை அடுத்த அடுக்குக் கார் நிறுத்தத்துக்கான மனு அப்படியே இருக்கட்டும்.